பல்செட் பெற்ற பிள்ளை

ரப்பர் ஸ்டாம்புக்கு அப்பா யார் என்று கேட்டால் அமெரிக்காவில் மூன்று பேர் கை தூக்குகிறார்கள். அம்மா யார் என்பதில் சந்தேகமே இல்லை: பல் டாக்டரின் கொதிகலன்.

தாத்தா சார்லஸ் குட்இயர். ரப்பரையும் கந்தகத்தையும் சூடான அடுப்பில் படவிட்டு, வெயிலில் இளகாத, குளிரில் விறைக்காத ரப்பரை 1839இல் கண்டுபிடித்தவர். ரப்பரை இழுக்கத் தெரிந்த மனிதருக்கு வருமானத்தை மாசக் கடைசிவரை இழுக்கத் தெரியவில்லை. 1860இல் கண்ணை மூடியபோது கடன் சுமார் இரண்டு லட்சம் டாலர்.

அந்த ரப்பரில் செய்த பல்செட்டைப் பிடித்துக்கொண்ட பல் டாக்டர்கள், பிளாஸ்டர் அச்சில் ரப்பரை அமுக்கி, சின்னக் கொதிகலனில் வேகவைத்தார்கள். அந்தப் பல்செட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்த கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், லைசென்ஸ் கட்டாத டாக்டர்களை ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு இழுத்தார். பல்லைப் பிடுங்குகிறவர்களையே பிடுங்கினால்? 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் டாக்டர் அவரைச் சுட்டே கொன்றுவிட்டார்.

பல்லைச் செய்கிற பானை எழுத்தைச் செய்யாதா? நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரில் ஜேம்ஸ் வுட்ரஃபுக்கு இந்த யோசனை வந்தது. சித்தப்பா பல் டாக்டர். பானை வீட்டோடு இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் பம்பு செய்யும் இடத்தில் ஃபோர்மேனாக இருந்த விதரெல், "1866இல் முதலில் செய்தது நான்தான்" என்றார். பம்பில் பெயர் எழுதினால் பெயிண்ட் வழிகிறதென்று, ரப்பர் தகட்டில் எழுத்தை வெட்டி, கட்டில்கால் துண்டில் ஒட்டினாராம். இதை அவர் ஸ்டாம்ப் வியாபாரிகள் சபையில் எழுந்து வாசித்தது 1916இல்! மாசசூசெட்ஸ்காரர் லேலண்டோ 1863 என்றார். மூவரில் ஒருவராவது அன்றைக்கே தேதி போட்டு ஒரு குத்து குத்தியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும்.

குத்த வேண்டிய அவசரம் ஏற்கெனவே இருந்தது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862இல் காசோலை, கடன்பத்திரம் போன்றவற்றில் வரிவில்லை ஒட்டச் சொன்னது அரசு. ஒட்டியவரே அதன்மேல் பெயரெழுத்தும் தேதியும் போட்டு வில்லையைச் செல்லாததாக்க வேண்டும். எழுதி எழுதிக் கை சோர்ந்த குமாஸ்தாவுக்கு, குத்துகிற கருவி எதுவானாலும் குலதெய்வம்தான்.

ரப்பருக்குப் பகை எண்ணெய். அச்சக மையில் தோய்த்தால் எழுத்து ஊதிப்போகும். கிளிசரினில் அனிலின் சாயம் கரைத்த மை வந்து அதையும் காப்பாற்றியது. 1891இல் ஓ'கானர் ஸ்லோன் செய்முறைப் புத்தகமே எழுதிவிட்டார்.

அப்புறமென்ன? அச்சகத்துக்குக் காசு கொடுக்க முடியாத ஒற்றை ஆள் வியாபாரியும் கடித உறையில் "அண்ட் கோ" என்று பளிச்சென்று குத்தி அனுப்பினார். அந்த "கோ" யார் என்று தேடிப்போனால், மேசைமேல் ஸ்டாம்ப் பேட் உட்கார்ந்திருக்கும்.