"ஃபேனை அமத்துடா!"

திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. என் தப்பைச் சுழிக்கும் யோகம் 2020இல்தான் வாய்த்தது.

மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்து என்று முதல்வர் அறிவித்தார். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "டிவியில வர்ற சார்கிட்ட சந்தேகம் கேக்க முடியாது. எங்கிட்டக் கேக்கலாம்" என்று எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெருமையடித்துவிட்டு கூகுள் மீட்டில் இறங்கினேன்.

அருப்புக்கோட்டையில் என் வீட்டு முன்னறைதான் வகுப்பு. ஸ்டூல் மேல் ஊறுகாய் ஜாடி, அதில் சாய்த்து ரப்பர் பேண்டால் கட்டிய போன், எதிரே கரும்பலகை. பிதாகரஸ் தேற்றத்தை எழுதிவிட்டுத் திரும்பினால், போனில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. பிள்ளைகளுக்கும் இப்படித்தானே தெரியும் என்று பதறி, அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத்துகளைத் திருப்பி எழுதப் பழகினேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரி, "என்னங்க, யாருக்கும் சூனியம் வைக்கிறீங்களா?" என்றாள்.

மறுநாள் இருபது நிமிடம் திருப்பியே எழுதி நடத்தினேன். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பாடம் புரிகிறது போல என்று நினைத்த நேரத்தில் சாட்டில் ஒரு வரி விழுந்தது: "சார், எங்க போன் ரிப்பேரா சார்?" நம் முகத்தை நமக்குக் காட்டும்போதுதான் அது கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுமாம், எதிராளிக்கு நேராகத்தான் தெரியுமாம். என் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்தது ஆடி மாதம். ஒரு பையன் மைக்கைத் திறந்தாலே 'உஸ்ஸ்' என்று இரைச்சல். "ஃபேனை அமத்துடா!" என்று கத்தினேன். அவன் அடக்கமாகச் சொன்னான்: "ஃபேன் இல்ல சார், காத்து. கம்மாக்கரையில நிக்கிறேன். இங்கதான் சார் டவர் கெடைக்குது." ஆடிக் காற்றை அமத்தச் சொன்ன வாத்தியார் இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் ஒரு பிள்ளையை, சத்தம் தாங்காமல் மியூட் செய்தேன். திரும்ப எடுத்துவிட மறந்துபோனேன். அவள் சரியான விடையை எனக்கு மூன்று முறை சொன்னாளாம்.

பிறகு கூகுள் ஃபார்மில் தேர்வு வைத்தேன். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கம் 3 செ.மீ., 4 செ.மீ.; கர்ணம் எவ்வளவு? விடைக் குறிப்பில் '5' என்று போட்டிருந்தேன். அது எழுத்து பிசகாமல் ஒத்துப்போனால்தான் மார்க் போடும் என்பது எனக்குத் தெரியாது. '5 செ.மீ.' என்று ஒழுங்காக எழுதியவர்களுக்கு முட்டை. அலகை விட்டவர்களுக்கு முழு மார்க். அலகு எழுதவில்லை என்று இருபத்திரண்டு வருடமாக அரை மார்க் குறைத்துவந்தவன் நான்.

கடைசியாக, நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஏழு பேரின் படத்தில் ஒரே கட்டைவிரல். நகக்கண் வரை நீலம் ஏறிய, தடித்த விரல். காப்பியடித்ததும் இல்லாமல் தடயத்தையும் சேர்த்து அனுப்புகிறார்களே என்று கோபம். "அந்த விரல் யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்று குரல் பதிவில் மிரட்டினேன். உண்மையில் தெரியாது.

அந்தச் செப்டம்பரில் 21 முதல் 25 வரை ஆன்லைன் வகுப்புகளுக்கு அரசு விடுமுறை விட்டது. குற்றவாளியைப் பிடிக்க டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஏழு பேரும் இருக்கும் தெருவுக்குப் போனேன். பொழுது சாய்ந்து ஏழு மணி. ஒரு திண்ணையில் டியூப்லைட்டுக்குக் கீழே ஏழு பிள்ளைகளும் நோட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் அண்ணன் அப்போதுதான் அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினான். பட்டன் போன் தவிர, தெருவில் இருப்பது அவன் போன் ஒன்றுதான். கைகூடக் கழுவாமல் ஒவ்வொரு நோட்டாக இடது கையில் பிடித்து, வலது கையால் படம் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஏழிலும் ஏழு விதமான தப்பு. காப்பியடித்தால் தப்பும் ஒன்றாகத்தானே இருக்கும்? படத்தைப் பெரிதாக்கி விரலைப் பார்த்தவன், கணக்கைப் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு மீட்டில் பதினாலு பேர்தான் ஏன் வருகிறார்கள் என்பதும் அந்தத் திண்ணையில்தான் விளங்கியது. பத்து மணிக்குப் போன் அப்பனோடும் அண்ணனோடும் வேலைக்குப் போயிருக்கும். மறுவாரம் முதல் ராத்திரி ஏழரைக்கு மூன்று நிமிடக் குரல் பதிவு, ஒரே ஒரு கணக்கு, ஒரு படம். நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேரிடமிருந்து நோட்டு வந்தது. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்காரர்களாக அவர்கள் பள்ளிக்குத் திரும்பும்வரை அதே ஏற்பாடுதான்.

அன்று திண்ணையிலிருந்து கிளம்பும்போது அந்த அண்ணன் வண்டியருகே வந்து தயங்கி நின்றான்.

"சார், என் விரலு படத்துல விழுந்துருதுன்னு சொன்னீங்களாம். இனிமே ஓரமாப் பிடிச்சுக்கிறேன் சார்."