வாத்தியாரம்மா வீட்டுப் பிள்ளைகள்

சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். ஜூன் பிறந்தால் வீடு வீடாகப் போவோம். "ஆடு மேய்க்க ஆளில்ல டீச்சர்", "தம்பியப் பாத்துக்க இவதான் இருக்கா" என்பார்கள். கெஞ்சியும் சத்துணவைச் சொல்லியும், சில வாசல்களில் சண்டை போட்டும் பிள்ளைகளைக் கூட்டிவருவோம். இன்றைக்கு என் சொந்தப் பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. ஆறு வயதுப் பேத்தியும் நான்கு வயதுப் பேரனும் கோவைக்கு வெளியே, என் மகள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள்.

என் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. கை எட்டும்வரை அப்பத்தாதான் எல்லாம். அப்பத்தாவுக்குக் கைநாட்டுதான். ஆனாலும் நான் கணக்குக் கற்றது அவரிடம்தான். பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. காலியான குழியில் ஒவ்வொன்றாக விழுந்து நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கை எங்கே போய் ஓயும் என்று கொட்டையைத் தொடாமலே எண்ணிப் பார்க்கச் சொல்வார். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார். ராத்திரியில் நல்லதங்காள் கதை. ஏழு பிள்ளைகளோடு அவள் கிணற்றடிக்கு வரும் இடத்தில் நாங்கள் அழுவோம். மறுநாள், "எங்க, நீ சொல்லு பாப்போம்" என்று எங்களையே சொல்ல வைப்பார்.

மகள் வீட்டில் இப்போது அதுவே பாடத்திட்டம். அவள் அதை எடுத்தது சார்லட் மேசனிடமிருந்து. இங்கிலாந்தில் 1886-இல் வீட்டுக் கல்வியைப் பற்றிப் புத்தகம் எழுதிய அம்மையார் அவர். ஆறு வயதுவரை முறையான பாடம் வேண்டாம். பிள்ளைகள் வெளியில் திரியட்டும். நல்ல புத்தகங்களை நாம் படித்துக்காட்ட, கேட்டதைப் பிள்ளையே தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும் என்றவர். கைநாட்டு அப்பத்தா செய்ததை என் பேத்தி இங்கிலாந்து அம்மையார் வழியாகப் பெறுகிறாள். எந்த வழியில் வந்தால் என்ன, வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்.

போன மழைக்காலத்தில் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் புழு வைத்தது. நானாக இருந்தால் உதறிவிட்டிருப்பேன். பேத்தி விடவில்லை. முதலில் அது பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கிடந்தது. தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசியில் இலைப்பச்சை நிறத்துக்கு மாறியது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு சிவந்த கொம்பு நீண்டது, கூடவே ஒரு நெடி. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். அவள் உட்கார்ந்து படம் வரைந்து, கீழே "புழு கொம்ப நீட்டிச்சு" என்று எழுதினாள். மகள் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. பட்டாம்பூச்சியின் வாழ்க்கையைக் கரும்பலகையில் நான்கு படமாக எத்தனையோ வருஷம் வரைந்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அந்த நெடி தெரிந்திருக்காது.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் அளப்பது பேரன் வேலை. சாயங்காலம் அழ. வள்ளியப்பா பாட்டு, பழைய அம்புலிமாமா, தமிழில் வந்த டோட்டோ-சான். மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது குறிப்பிடவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 14 வயது முடிந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மகள் அந்த வழியைத்தான் யோசித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு மனத்தில் இருப்பது வேறு. என் அத்தையும் வீட்டிலேயே கற்றவர்தான். அவரைப் பள்ளிக்கு அனுப்பவே இல்லை. மூலிகை தெரியும், அறுபது புள்ளிக் கோலம் தெரியும், அப்பத்தாவின் கதைகள் அத்தனையும் தெரியும். பஸ்ஸில் ஊர்ப்பெயரைப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்ல வேண்டும். கணவர் போனபின் நிலப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைத்தார். வீடு தந்த கல்வியில் அவருக்குக் குறையில்லை. பள்ளிக்கூடம் தந்திருக்க வேண்டியதுதான் கிடைக்கவில்லை. என்னை விடாமல் அனுப்பினார்கள், நான் என் மகளை அனுப்பினேன். அதனால்தான் இன்று அவளால் தன் பிள்ளைக்குத் தானே ஆசிரியையாக இருக்க முடிகிறது. ஐடி வேலையை அவள் விட்ட பிறகும் வீடு நடக்க மருமகன் சம்பளம் இருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த வசதி எங்கே? பள்ளிக்கூடமே தேவையில்லை என்று மகளின் தோழிகள் சிலர் பேசும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

மகள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் பெண் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது சாயங்காலக் கதைக்கு அவளும் வந்து உட்காருகிறாள். திருப்பிச் சொல்வதில் என் பேத்தியைவிட அவள் கெட்டிக்காரி. வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் கதை நேரத்தில் தெருப்பிள்ளைகளுக்கும் பாய் விரியுங்கள். பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்து, வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் படித்துக்காட்ட அனுமதி கேளுங்கள்.