'கெளம்பிருச்சு' என்னும் வினைமுற்றும் ஆங்கிலக் காலங்கள் பன்னிரண்டும்: ஓர் ஆராய்ச்சி

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில், அரியலூர் வண்டியின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற நடத்துநர், "வண்டி கெளம்பிருச்சு, ஏறு ஏறு" என்று கூவிய அதே க்ஷணத்தில், ஓட்டுநரானவர் எதிர்த்த டீக்கடையில் இரண்டாவது வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார் என்பது யான் கண்ணாரக் கண்ட பிரத்தியட்சப் பிரமாணம். இந்தக் 'கெளம்பிருச்சு' என்பதை ஆங்கிலத்தில் எந்தக் காலத்தால் பெயர்ப்பது என்ற சம்சயமே இவ்வாராய்ச்சிக்கு மூலம்.

பாஸ்ட், ப்ரெசன்ட், ப்யூச்சர் என்ற மூன்றை, சிம்பிள், கன்டின்யுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸ் என்ற நான்கால் பெருக்கினால் காலம் பன்னிரண்டாகும் என்பது, 1930களில் ரென், மார்ட்டின் என்ற இருவர் செய்த இலக்கண நூலைத் தலைமுறை தலைமுறையாக நெட்டுருப் போட்ட நம்மவர்க்கு வேதவாக்கு. ஆனால் மொழிநூலாரில் பலர், ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்வு, இறப்பு என்ற இரண்டுக்கே என்றும், எதிர்காலத்துக்கு அதனிடம் சொந்தச் சரக்கு இல்லை என்றும் சாதிப்பர். 'வில்' என்பதன் பூர்வப் பொருள் விருப்பம்; 'ஷல்' என்பதன் பூர்வப் பொருள் கடன்பட்டிருத்தல். ஆகவே, நாளைக்குச் சின்ன வெங்காயம் விற்பேன் என்று செட்டிகுளத்து விவசாயி ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால், அது ஆசையாகவாவது கடனாகவாவது இருந்து தீரவேண்டும். சந்தை நிலவரம் அறிந்தவர்கள் இரண்டும் பொருந்தும் என்பார்கள். 'கோ' என்ற வினையோ, திரும்புதல் என்ற பொருளுடைய வேறொரு வினையிடம் 'வென்ட்' என்ற இறந்தகாலத்தை இரவல் வாங்கி, இன்றளவும் திருப்பித் தராமலிருக்கிறது.

இப்பன்னிரண்டு காலங்களுள் நம் பிரதேசத்துக்கு விசேஷமாக ஒவ்வாதது பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸ். முன்பு தொடங்கிய ஒரு காரியம், நடுவில் அறாமல், இன்னமும் நடந்துகொண்டிருந்தால், 'ஹேவ்', 'பீன்' இரண்டையும் முன்னே நிறுத்தி, வினைக்கு 'இங்' என்ற வாலை ஒட்டுவது அதன் விதி. "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் அரியலூர் டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2001" என்று ஒரு மாணவன் எழுதினால் இங்கிலீஷ் வாத்தியார் சரி போட்டுவிடுவார், தாசில்தார் போடமாட்டார். ஏனெனில், 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்து, 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் பிரிந்த இடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்த இந்தச் சரித்திரத்தில், வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடி நகராத ஆசாமிக்கும் கன்டின்யுவஸ் நடுவே அறுந்துபோகிறது. "அரியலூர் ஹேட் பீன் எ டிஸ்ட்ரிக்ட் பிஃபோர் இட் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட்" என்பது லண்டனில் சித்தம் கலங்கியவன் பேச்சு. இங்கே அரசாணைகளோடு ஒத்துப்போகும் வழுவற்ற பாஸ்ட் பெர்ஃபெக்ட்.

ஆட்சேபமே இன்றிப் பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸுக்கு இலக்கியமாய் நிற்கத்தக்கது, எனக்குத் தெரிந்தவரை, சாத்தனூர்க் கல்மரம் ஒன்றுதான். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாக, கடல் இருந்ததையும் பின்வாங்கியதையும், 1940இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் வந்து கண்டறிந்ததையும் ஒரு பொருட்டாக எண்ணாமல், 18 மீட்டர் நீளத்துக்கு அது கிடந்துகொண்டே இருக்கிறது. தான் எந்த ஜில்லாவில் கிடக்கிறோம் என்று அது விசாரித்ததாகத் தகவல் இல்லை.

இனி நடத்துநருக்கு வருவோம். 'ஹேஸ் லெஃப்ட்' என்று பெயர்த்தால் வண்டி போயே போய்விடுகிறது. போன வண்டியில் ஏறு என்பது யுக்திக்கு விரோதம். 'இஸ் லீவிங்' என்றால் பொருள் ஏறக்குறைய நிற்கும். ஆனால் கூடையும் குழந்தையுமாக வரும் அம்மாளை ஓடவைக்கும் வேகம் அதில் இல்லை. பன்னிரண்டு அறைகளையும் திறந்து பார்த்தாயிற்று, ஒன்றிலும் இடமில்லை.

தொல்காப்பியரோ, விரைவு கருதினால் எதிர்காலச் செயலையும் இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று வினையியலில் விதித்துவிட்டார். இன்னும் சாப்பிட்டு முடியாதவன், வெளியே காத்திருக்கும் நண்பனுக்கு, உண்டு புறப்பட்டுவிட்டதாக உள்ளிருந்தே குரல் கொடுப்பதை உரைகாரர்கள் உதாரணமாகக் காட்டுவர். இலைக்குப் பதில் வடையையும், நண்பனுக்குப் பதில் பிரயாணிகளையும் வைத்துக்கொண்டால் எஞ்சியது நம் பேருந்து நிலையம்.

ஓட்டுநர் கைகழுவி, வாயைத் துண்டால் துடைத்து, தம் ஆசனத்தில் அமர்ந்தபோது, கூவல் எழுந்து இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஆதலால் அரியலூர் செல்லும் வாசகர்கள், 'கெளம்பிருச்சு' என்று காதில் விழுந்தால் பதறாமல் ஒரு டீ சொல்லலாம். 'கெளம்பப் போவுது' என்று விழுந்தால் சாப்பாடே சொல்லலாம்.