மூன்றெழுத்து முதலாளி

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘செட்’, 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் சுமார் 60,000 சொற்கள் அளவு இடத்தை வளைத்துப் போட்டது. பொருள்கள் 430 எனக் கணக்கு. சூரியன் மறைந்தாலும் செட், ஜெல்லி உறைந்தாலும் செட், முறிந்த எலும்பைப் பொருத்தினாலும் செட். டென்னிஸில் ஆறு கேம் எடுத்தால் ஒரு செட் கையில், எதிராளி நான்கைத் தாண்டாதிருந்தால். கணிதத்திலோ உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது செட்தான். வெற்றுக் கணம் என்று மரியாதையாகப் பெயரும் உண்டு. இறந்தகாலத்திலும் உருவம் மாறாது. நேற்று முடிந்த சேதி அதற்கு எட்டுவதேயில்லை போலும்.

பின்னர் ‘ரன்’ முந்திக்கொண்டது. அதன் வினைப்பொருள்கள் மட்டும் 645. வகைபிரிக்க அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. பிள்ளைப்பேறு அளவுக்கு உழைப்பு.

தமிழ்நாட்டில் செட்டுக்கு அந்தத் தோல்வி உறைக்கவில்லை. வயலில் பம்புசெட், கல்யாண வீட்டில் மைக்செட், ஓட்டலில் செட் தோசை, ஸ்டூடியோவில் அட்டை அரண்மனை. ஜாதகம் பொருந்தியும் பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால், ‘செட் ஆகல’.