செகப்பு ஃபில்டரும் கத்திரி வெயிலும்

வாங்க மாப்ளே, வாங்க. கார் இன்னும் முக்குத் திரும்பலை, அதுக்குள்ள சத்தம் திண்ணையில வந்து உக்காந்துக்கிச்சு. எருமை பெருமூச்சு விடறாப்பல இருக்குதேன்னு எட்டிப் பாத்தா, நம்ம மாப்ளே புது இன்டேக் போட்டிருக்கறாரு. பானெட்டைத் தூக்குங்க, கண்ணாரப் பாக்கோணும்.

அடேங்கப்பா! செகப்பு ஃபில்டர், பளபளன்னு அலுமினியக் குழாய். கம்பெனிக்காரன் வெச்சிருந்த கறுப்பு டப்பாவைக் கழட்டிப்போட்டீங்களாக்கும்? செரிதான், அது பாக்க அவலட்சணம். ஆனா அந்த அவலட்சணத்துக்கு ஒரு மூக்கு இருந்துச்சே, கிரில்லுக்குப் பின்னால நீட்டிக்கிட்டு வெளிக்காத்தை இழுக்கறதுக்கு? அதுவும் போச்சு. இப்ப உங்க ஃபில்டர் எங்க இருக்குது? ரேடியேட்டர் ஃபேன் தள்ளற அனலுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவால. நல்ல எடமாப் பாத்துத்தான் குடி வெச்சிருக்கறீங்க.

நான் ரிக்கு வண்டியோட ஊர் ஊராப் போயி போர் போட்டவன். எனக்குத் தெரிஞ்சது இத்தனைதான்: காத்து சூடானா விரியும், விரிஞ்சா எடை கொறையும். வெளிய 40 டிகிரி கத்திரி. சிக்னல்ல நின்னா பானெட்டுக்குள்ள 60 சர்வசாதாரணம். அந்த 20 டிகிரிக்கே, இழுக்கற காத்துல நூத்துக்கு ஆறு பங்கு எடை காணாமப் போயிரும். காத்து கொறைஞ்சா கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கொறைச்சுத்தான் விடும். அதோட நிக்குதா? இஞ்சின் நாக்கிங் அடிச்சிருமோன்னு ஸ்பார்க்கையும் பின்னுக்குத் தள்ளும். குதிரைச் சக்தி கூடும்னுதான குடுத்தாங்க? குதிரை வரலீன்னாலும் கனைப்பு வந்திருச்சே, அது வரைக்கும் லாபம்.

நேத்து ராத்திரி பைபாஸ்ல பறந்துச்சும்பீங்க. குளுந்த காத்துக்கு அந்தக் கறுப்பு டப்பாவே பறக்கும். ஒரு ஸ்கேனரை மாட்டி, இன்டேக் டெம்பரேச்சரைப் போன்ல பாருங்க. ஓடறப்ப எறங்கும், டோல்கேட்டுல நின்னா ஏறும். அதுக்காக ஊட்டியில போயி சோதிக்கறேன்னு கெளம்பிராதீங்க. 2,240 மீட்டர் ஒசரத்துல குளிர் இருக்கும், காத்து இருக்காது.

கழட்ட மனசு வரலீன்னா, ஃபில்டரைச் சுத்தி ஒரு தடுப்புப் பொட்டி கட்டி, கிரில்லுல இருந்து ஓஸ் இழுத்து விடுங்க. பம்பர் வரைக்கும் குழாயை எறக்கினா இன்னும் குளுந்த காத்து கெடைக்கும்; கோடை மழை பேஞ்ச அன்னைக்கு ரயில்வே பாலத்தடியில தேங்கின தண்ணியும் கெடைக்கும். தண்ணி சிலிண்டருக்குள்ள அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். லாரிக்காரன் மூக்கைக் கேபினுக்குப் பின்னால ஒசரத்துல வெச்சிருக்கறது அழகுக்கா? அப்புறம் அந்த ஃபில்டருக்கு எண்ணெயை அளவாப் போடுங்க. மிச்சமானா காத்தை அளக்கற சென்சார்ல போயி ஒட்டிக்கும்.

என் ரோசனை கேட்டா, டப்பாவைத் திரும்ப மாட்டி, உள்ள புதுசா ஒரு பேப்பர் ஃபில்டர் போடுங்க. போட்ட காசு போச்சேன்னு விசனப்படாதீங்க, அந்தக் குழாயை வித்துப்போடலாம். இப்ப வேண்டாம். மார்கழி வரட்டும், வாங்கறவனை விடியக்காலையில வரச்சொல்லி ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கு வித்தவனும் அப்படித்தான வித்தான்?