நெய்க்கரண்டி எந்தப் பக்கம்?

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. மூஞ்சி ஏன் வதங்குன கத்திரிக்கா மாதிரி இருக்கு? ஆபீசுல சன்னல் ஓரத்து நாற்காலி உனக்குக் கிடைக்கலையா? அதுக்குப் பேரு ஓரவஞ்சனையா? அடேயப்பா! ஓரம் கிடைக்காததுக்கு ஓரவஞ்சனைன்னு சொன்ன மொத ஆளு நீதாம்ல.

அந்தச் சொல்லோட ருசி தெரியணும்னா கல்யாணப் பந்திக்குப் போ. சம்பந்தி இலையில நெய் குளம் கட்டி நிக்கும். கடைசிப் பந்திக்காரன் இலைக்கு மேல கரண்டிய ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிருவான். வாசனை விழுந்தா உண்டு. பந்தி வஞ்சனைன்னு இதுக்குத் தனிப்பேரே இருக்கு. ஒங்க ஆச்சி 'வஞ்சனையில்லாமச் சாப்பிடுய்யா'ங்கிறா, ஏன்? ஒன் வயித்த நீயே ஏமாத்திறாதங்கிறா.

சரி, ஓரம்னா? ஒரு பக்கமாச் சாயிறது. வள்ளுவரு 12-வது அதிகாரத்துக்கு நடுவுநிலைமைன்னு பேரு வச்சாரு. நடுவ விட்டு நகந்தா அப்புறம் ஓரந்தான? மன்றத்துல ஒருத்தன் பக்கமாச் சாஞ்சு பேசுறத 'ஓரஞ் சொல்றது'ன்னாக. அப்படிச் சொன்னவன் வீடு பாழாகி வெள்ளெருக்கு பூக்கும்னு நல்வழியில ஔவைப்பாட்டி சொல்லி வச்சிருக்கா. கிழவி லேசுப்பட்டவ இல்ல. படிச்சவுக இதையே பட்சபாதம்பாக. பட்சம்னா பக்கம், றெக்கைன்னும் சொல்லுவாக. பட்சின்னு பேரு வந்ததே அதுலதான். எந்தப் பேரச் சொன்னா என்ன, கரண்டி சாயிற பக்கந்தான் சாயுது.

நீங்க என்னடான்னா, பிரியாணியில முட்டை இல்லைன்னா ஓரவஞ்சனை. போட்டோவுக்கு லைக்கு விழலைன்னா அநியாயம். அந்த அநியாயத்தையாவது சும்மா விட்டீகளா? 'அநியாயத்துக்கு அழகா இருக்கா'ங்கீக! போகட்டும், அதுல எனக்குக் கோவமில்ல. அழகுல என்னைக்குடா நியாயம் இருந்துச்சு?

நெசமான ஓரவஞ்சனை இருக்கே, அது மகா கள்ளன். சொந்தப் பேருல வராது. வெள்ளை வேட்டி கட்டி, 'வழக்கம்'னு பேரு சொல்லிக்கிட்டு நடுவீட்டுல வந்து உக்காரும். டீக்கடையில ஒரு தெருக்காரவுகளுக்கு மட்டும் தனிக் கிளாசு. ஏன்னு கேட்டா, வழக்கம். காட்டுல ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதுல கொஞ்சம் கொறச்சு. கேட்டா, அதுவும் வழக்கம். ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976-லயே சட்டம் போட்டாச்சு. டெல்லியில இருந்து கிளம்புன சட்டம், எங்க ஊரு ஓடைக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு. இத்தனைக்கும் ஓடையில தண்ணி இல்ல.

இதுல சிரிப்பு என்னன்னா, நாற்காலி கிடைக்காத நீ ஊரக் கூட்டுற. கூலி கொறஞ்சவ காசை முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் பேசாமப் போறா.

நேத்து ஒந் தங்கச்சி வந்தா. என் கூலி நோட்டை எடுத்து விரல் வச்சு வாசிச்சா. 'தாத்தா, மாமாவும் அத்தையும் ஒரே நெரையிலதான கடலை பிடுங்குனாக? அத்தைக்கு மட்டும் ஏன் கம்மியா எழுதியிருக்கீக? இதுக்கு என்ன பேரு?'ன்னா.

எனக்குக் காது அப்பப்ப மந்தம். வெத்தலை உரல எடுத்து இடிக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் பலமாவே இடிச்சேன்.