ஒரே பக்கம், எல்லாத் திரைக்கும்

பழனி வாசகர்: கனிக்காக முருகன் உலகைச் சுற்றினார், பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றினார். ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி, ஐபோனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று நானும் உலகைச் சுற்றத்தான் வேண்டுமா?

பிள்ளையார் வழியே போதும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் அவசியமானபோது, பிரயாணிகள் கையில் எந்தச் சாதனம் இருந்தாலும் பிரவுசரைத் திறந்து, செல் நம்பரும் வண்டி நம்பரும் கொடுத்து, கியூஆர் கோடு பெற்றுக்கொள்ள இணையதளமே வழியாயிற்று. இரண்டு நாள் தங்கிப் போகிறவரிடம் தனிச் செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்வது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். இடைவிடாது இருப்பிடம் அறிவதுபோலச் சாதனத்தின் உள்ளே ஆழமாகக் கைவைக்கும் காரியங்களுக்கே தனிச் செயலி வேண்டும். உலகைச் சுற்றியவருக்கும் பழனி வாய்த்தது அல்லவா!

வத்தலக்குண்டு வாசகி: லேப்டாப்பில் அழகாயிருக்கும் என் பக்கம், செல்போனில் மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியவில்லையே?

‘வியூபோர்ட்’ என்னும் ஒரு வரியை விட்டிருப்பீர்கள். அது இல்லாவிடில், பிரவுசர் தன் திரை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமென்று பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டிவிடும். திரைக்குத் தக்கபடி பக்கம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இம்முறைக்கு 2010-இல் பெயரிட்டு விளக்கியவர் ஈதன் மார்கோட். சிறிய திரைக்கு முதலில் எழுதி, விசாலமான திரைக்குப் பின்னர் விரித்துக்கொள்ளுங்கள். பொத்தான்களுக்கு உயரத்தையும் அகலத்தையும் கட்டிப்போடாதீர்கள். ‘சமர்ப்பிக்கவும்’ என்பது கரையைத் தாண்டும், மேலிருக்கும் புள்ளி வெட்டுப்படும். தமிழுக்கு வரி இடைவெளி சற்றுத் தாராளமாகவே வேண்டும்.

பூம்பாறை வாசகர்: எங்கள் ஊர் சிக்னல் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை, வந்தவுடன் புறப்பட்டுவிடும். மலைப்பூண்டு கணக்கு வைக்க இணையச் செயலி சரிப்படுமா?

நன்றாகச் சரிப்படும், இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்னும் சிறு நிரல், முதல் தடவை சிக்னல் உள்ள இடத்தில் பக்கம் திறக்கப்படும்போதே அதன் கோப்புகளைச் செல்போனிலேயே சேமித்துவைத்து, மறுமுறை டவர் இல்லாத சரிவிலும் அதைத் திறந்து கொடுக்கும், தளம் எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் இயங்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பிய மூட்டை, எடை, விலை ஆகியவற்றை உடனே சர்வருக்கு அனுப்ப முயலாமல், பிரவுசருக்குள்ளேயே இருக்கும் ‘இண்டெக்ஸ்ட் டிபி’யில் முதலில் எழுதுங்கள். பக்கத்தை மூடிய பின்னும் சிக்னல் வந்ததும் தானே அனுப்பிவிடும் வசதி ஆண்ட்ராய்டு குரோமில் உண்டு, ஐபோனில் இல்லை. ஆகையால், அடுத்த முறை திறக்கும்போது பாக்கியை அனுப்பும் ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள். ‘இன்னும் 3 பதிவுகள் அனுப்பப்படவில்லை’ என்று திரையில் தெளிவாகக் காட்டுங்கள். உழைத்தவருடைய கணக்கு போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில் அவரை ஒரு க்ஷணமும் நிறுத்தலாகாது.

பண்ணைக்காடு மாணவி: என்னிடம் இருப்பது ஒரே செல்போன். எல்லாச் சாதனங்களிலும் எப்படிச் சோதிப்பேன்?

கம்ப்யூட்டரில் உள்ள குரோமின் டெவலப்பர் கருவிகளில் திரை அளவையும் இணைய வேகத்தையும் குறைத்துப் பார்க்கலாம். பிறகு பாட்டியின் பழைய ஆண்ட்ராய்டைக் கடன் வாங்கி, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஒரு கையால் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பாட்டியையும் நிரப்பச் சொல்லி, அவர் விரல் எங்கே தயங்குகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள்.